பைகுல்லா நடைபாதையில் தினசரி வசூல்
(தொடர் – 9)

சென்ற வாரம் தர்மபுரியில் 1989-ல் தொடங்கிய மகளிர் குழுக்களைப் பார்த்தோம். ஊர்ப்பக்கம் குழு என்றால் தெரிந்த முகங்கள், மாதக் கூட்டம், ஒரு ரெஜிஸ்டர், பக்கத்து ஊர் வங்கியில் ஒரு கணக்கு. பம்பாய் பைகுல்லா நடைபாதையில் குடிசை போட்டிருந்த பெண்களுக்கு விலாசமே கிடையாது. வங்கிக்கு எங்கே போவார்கள்?

1985 ஜூலையில், நடைபாதைக் குடிசைகளை அகற்றுவதை எதிர்த்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பிழைப்பும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்றது. மழைக்காலம் முடிந்ததும் மாநகராட்சி குடிசைகளை அகற்றலாம் என்றும் சொன்னது. சட்ட மாணவர்கள் கொண்டாடுவது முதல் பாதியை. நடைபாதைக்காரர்கள் வயிற்றைக் கலக்கியது இரண்டாவது பாதி.

அதற்கு முந்தைய ஆண்டுதான் ஷீலா படேலும் தோழிகளும் 'ஸ்பார்க்' என்ற தொண்டு அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். அவர்களோடு கைகோத்தவர் ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயல் தமிழர். பம்பாயில் அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டி அவர் வாழ்ந்த ஜனதா காலனியை 1976-ல், நெருக்கடி நிலையின்போது, இடித்துத் தள்ளி, மக்களைச் செம்பூருக்கு அப்பால் சீட்டா கேம்ப்புக்கு அனுப்பியது அரசு. வீடு இடிபடுவது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. இந்தக் கூட்டணியில் பெண்களின் அமைப்பாக உருவானதுதான் 'மஹிளா மிலன்'.

சேமிப்பு முறை எளிது. குழுவில் ஒருத்தி தினமும் குடிசை குடிசையாகப் போவாள். எட்டணாவோ ஒரு ரூபாயோ, இருப்பதைக் கொடுக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்பதால் தொடக்கத்தில் பாஸ்புக்குக்குப் பதில் பிளாஸ்டிக் பையில் வண்ணக் காகிதத் துண்டுகள். ஒவ்வொரு தொகைக்கும் ஒரு நிறம். இது சீட்டுப் போல இல்லையா என்று தோன்றலாம்; அதே நகரின் தாராவித் தமிழ்ப் பெண்களுக்குச் சீட்டு புதிதில்லை. ஆனால் சீட்டில் தவணை தப்பக் கூடாது. இங்கே, இல்லாத நாளில் கொடுக்காவிட்டால் குற்றமில்லை.

என் கணக்கில் இந்த ஏற்பாட்டின் முதல், காசு அல்ல, அந்தத் தினசரி நடை. எந்த வீட்டில் இன்று அடுப்பு எரியவில்லை, யார் புருஷன் வேலைக்குப் போகவில்லை, எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் வசூலுக்குப் போகிறவளுக்குத் தெரியும். அவசரக் கடன் கேட்டு ஒருத்தி வந்தால் ஜாமீனும் கேட்க வேண்டாம், விசாரணையும் வேண்டாம். 1992-ல் நபார்டு சோதனை முயற்சியாக வங்கிகளோடு இணைத்த குழுக்கள் பின்னால் லட்சக்கணக்கில் பெருகின, நல்லதுதான். ஆனால் மாதம் ஒருமுறை கையெழுத்துப் போட்டுக் கடன் தவணையை எண்ணுவதோடு நின்றுபோன குழுக்களில் இந்த நடை இல்லை.

மும்பையில் பொதுக் கழிப்பறை கட்டும் வேலை ஸ்பார்க்–மஹிளா மிலன் கூட்டணிக்கு வந்தபோது அந்தத் தினசரி நடை உதவியது. காலை வரிசையில் பெரியவர்கள் குழந்தைகளைத் தள்ளிவிட்டு முந்துவதும், அவை வெளியே சாக்கடை ஓரம் உட்காருவதும் பெண்கள் அன்றாடம் பார்த்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி வரிசை வந்தது; குழந்தைகளுக்குச் சின்னத் துளையோடு, பயந்து விழாமல் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியோடு தனி இடமும் வந்தது.

அடுத்த வாரம்: கிர்காமில் 1959-ல் 80 ரூபாய்க் கடனில் அப்பளம் இடத் தொடங்கிய ஏழு பெண்கள்.