தொட்டி எலுமிச்சைக்கு வேண்டியது வெளிச்சம்

வீட்டுக்குள் தொட்டியில் வளரும் குட்டை எலுமிச்சை வாடினால், பலரும் உரத்தையோ தண்ணீரையோதான் தேடுகிறார்கள். அதற்குக் குறைவது பெரும்பாலும் வெளிச்சம். பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் 1680-களில், மரப்பெட்டிகளில் வளர்ந்த ஆரஞ்சு மரங்களைக் குளிரிலிருந்து காக்கத் தனி மாளிகையே எழுப்பினார்கள். உயரமான சன்னல்கள், தெற்கு பார்த்த முகப்பு. அப்படியிருந்தும் குளிர் விட்டதும் மரங்களை வெளியே வெயிலுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். பெரிய சன்னல்கூடத் திறந்த வானத்துக்கு ஈடாகாது.

"எங்கள் அறை வெளிச்சமாகத்தானே இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். மங்கிய ஒளிக்கு நம் கண் பழகிவிடும், இலை பழகாது. சீனாவில் தொட்டிச் செடியாகவே வளர்க்கப்பட்டு, 1908-இல் ஃபிராங்க் மேயர் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்ற மேயர் எலுமிச்சைக்குக்கூட நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். இலை மஞ்சளாவது சத்துக் குறையால்தான் என்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் வெளிச்சம் குறைந்த செடி தண்ணீரை மெதுவாகவே உறிஞ்சும், மண் காயாது. ஈரத்திலேயே கிடந்து மூச்சுமுட்டும் வேரால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. அப்போதுதான் இளந்தளிரில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்ற இடம் வெளுக்கிறது. அந்த வேருக்கு மேலும் உரம் போட்டால் கேடுதான். விரலை மண்ணில் இரண்டு அங்குலம் நுழைத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம்.

நேயர்களே, உரம் வாங்குமுன் தொட்டியை வெயில் விழும் சன்னலோரத்துக்கோ பால்கனிக்கோ நகர்த்துங்கள். ஒரேயடியாக அல்ல, சில நாட்களில் படிப்படியாக. திடீர் வெயிலில் இலை கருகிவிடும்.