ஆமை வேகத்தில் கிரேக்கக் கரை

இத்தாலியின் அங்கோனாவில் கப்பலேறினால் கிரேக்கத்தின் பத்ராஸ் துறைமுகத்தில் இறங்க ஒரு நாளுக்குக் கிட்ட ஆகும். விமானத்தில் போனால் சில மணி நேரம்தான். ஆனால், வீட்டையே கூடக் கொண்டுபோகிறவர்களுக்கு விமானம் எதற்கு? கோடை மாதங்களில் சில கப்பல்களில் மோட்டார்ஹோமைத் திறந்த தளத்தில் நிறுத்தி, மின் இணைப்பும் கொடுத்து, வண்டிக்குள்ளேயே தூங்கிக்கொள்ள விடுகிறார்கள். ஜன்னலைத் திறந்தால் அட்ரியாட்டிக் கடல்.

பத்ராஸிலிருந்து தெற்கே விரிவது பெலோபொனீஸ். விரல்களை விரித்த கைபோலக் கடலுக்குள் நீளும் நிலம். ஏதென்ஸைத் தவிர்த்துவிட்டு இங்கே மூன்று வாரம் சுற்றுங்கள் என்பேன்.

மோட்டார்ஹோமில் கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, குளியலறை உண்டு. தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் 100 லிட்டர்தான். கழிவறைப் பெட்டி இரண்டு மூன்று நாளில் நிரம்பிவிடும். பயணத்தின் வேகத்தை முடிவு செய்வது இந்த இரண்டும்தான். நிரப்பவும் காலி செய்யவும் முகாம் தளங்களைத் தேடித்தான் போகவேண்டும். போன இடத்தில் இரண்டு நாள் தங்கிவிடத் தோன்றும்.

அப்படித் தங்கினால்தான் ஊர் கண்ணில் படும். காலையில் கூரையில் ஒலிபெருக்கி கட்டிய பிக்கப் வண்டி ஒன்று 'ஃப்ரெஸ்கா ப்ஸாரியா' என்று கூவிக்கொண்டு வரும். புது மீன் என்கிறார்கள். பின்பக்கம் ஐஸ் மேல் மத்தியும் நெத்திலியும். பாட்டிமார் கிண்ணத்தோடு வந்து செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அது போனதும் காய்கறி வண்டி. சில நாள் பிளாஸ்டிக் நாற்காலி வண்டிகூட.

பைலோஸ், மெத்தோனி கோட்டை எல்லாம் அழகுதான். ஆனால், மனசை அள்ளுவது நடுவிரலான மானி. அங்கே அரியோபோலி ஊரிலிருந்து வாத்தியா கிராமம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். வழியில் ஊர்களுக்குள் சாலை ஒடுங்கி, கல் வீடுகளின் பால்கனி தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே பஸ் வந்துவிட்டால் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு பின்னால் நகர வேண்டியதுதான். வாத்தியாவில் குன்றின் மேல் நெருக்கியடித்து நிற்கும் கல் கோபுரங்களெல்லாம் வீடுகள். குடும்பப் பகை தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த மண் இது. எதிரி வீட்டைவிட உயரமாகக் கட்டினால்தான் மேலிருந்து சுட முடியும். இன்று பாதிக்குமேல் ஆளில்லை. இன்னும் தெற்கே தைனாரோ முனை. பாதாள உலகின் வாசல் இங்கேதான் என்று பழங்காலக் கிரேக்கர்கள் நம்பினார்கள். வண்டியை விட்டுவிட்டுக் கலங்கரை விளக்கம்வரை நடக்கலாம்.

விரலின் மறுபக்கம் கிதியோ. கயிற்றில் ஆக்டோபஸ் காயப்போட்ட உணவகங்கள். பக்கத்து வால்தாகி கடற்கரையில் 1981-இல் ஒதுங்கிய திமித்ரியோஸ் என்ற சரக்குக் கப்பல் துருப்பிடித்து நிற்கிறது.

மணலிலேயே வண்டியை நிறுத்தித் தூங்கும் பழைய சுகம் இப்போது இல்லை. வெட்டவெளியில் முகாமிட 1970-களிலிருந்தே தடை இருந்தாலும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2025-இல் வந்த சட்டம், கடற்கரையிலும் காட்டோரத்திலும் தொல்லியல் இடங்களிலும் மோட்டார்ஹோம் நிறுத்துவதற்கே தடை போட்டுவிட்டது. அபராதம் 300 யூரோ. பழைய ஆட்கள் புலம்புகிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. மேற்குக் கரையில் கிபரிசியா வளைகுடா இருக்கிறதே, மத்தியதரைக் கடலில் பெருந்தலை ஆமைகள் மிக அதிகமாக முட்டையிடும் இடங்களில் அது ஒன்று. குஞ்சுகள் பொரிந்ததும் கடலின் வெளிச்சத்தைப் பார்த்து ஓடும். கரையில் விளக்கு எரிந்தால் திசை மாறிச் செத்துப்போகும். முகாம் தளத்துக்கு ஓர் இரவுக் காசு கொடுப்பதில் யாரும் ஏழையாகிவிட மாட்டார்கள்.

நம் ஊரிலிருந்து போகிறவர்கள் ஏதென்ஸில் வாடகைக்கு எடுக்கலாம். மூன்றரை டன்வரை உள்ள வண்டிக்குக் கார் உரிமம் போதும்; கூடவே சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கட்டாயம். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். வெயிலும் கூட்டமும் தாங்காது. மே அல்லது செப்டம்பர் உத்தமம். சாவி கைக்கு வந்ததும் வண்டியின் உயரத்தையும் அகலத்தையும் ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். மானியின் பால்கனிகள் விட்டுக்கொடுக்காது.