வண்டி தண்ணீர் குடித்தால்

2024 அக்டோபர் மத்தியில் சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை வந்தபோது, மழை வலுப்பதற்கு முன்பே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரங்களில் கார்கள் வரிசைகட்டி நின்றன. சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டு நடந்தே வீடு திரும்பினார்கள். பாலத்தில் நிறுத்துவது சரியா என்ற விவாதமும் கிளம்பியது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டி அடையாறு கரை கடந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நிறுத்தியிருந்த கார்களைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனதையும் பார்த்தவர்கள்.

கிட்டத்தட்ட ஒரு டன் இரும்பு எப்படி மிதக்கிறது? சின்னக் கணக்குதான். சாதாரண ஹேட்ச்பேக் கார் ஒன்றின் எடை சுமார் 900 கிலோ. நீளம் மூன்றரை மீட்டருக்கு மேல், அகலம் ஒன்றரை மீட்டருக்கு மேல். அதாவது அடிப்பரப்பு சுமார் ஐந்தரை சதுர மீட்டர். தண்ணீர் அந்த அடிப்பரப்பைத் தொட்டபிறகு ஒவ்வொரு 10 செ.மீ. உயரும்போதும் ஏறக்குறைய 550 லிட்டர் தண்ணீர் இடம்பெயர்கிறது. 550 லிட்டர் என்றால் 550 கிலோ மேல்நோக்கிய விசை. தரையிலிருந்து வண்டியின் அடிப்பாகம் 16 செ.மீ. உயரத்தில் இருக்கிறது; அதற்கு மேல் இன்னொரு 16 செ.மீ. ஏறினால் எடை முழுவதையும் தண்ணீரே தாங்கிவிடும். கூட்டினால் ஓர் அடிக்குச் சற்று அதிகம். சக்கரக் குழிகளிலும் என்ஜின் அறையிலும் தண்ணீர் புகுந்துவிடுவதால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் ஆழம் தேவைப்படும். ஆனால் முழுதாக மிதப்பதற்கு வெகு முன்பே டயர்கள் பிடிமானத்தை இழந்துவிடுகின்றன. அபாயம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் இதை நிஜ வண்டிகளை வைத்தே சோதித்தார்கள். ஒரு டன்னுக்குச் சற்று அதிகமான எடையுள்ள டொயோட்டா யாரிஸ் காரை நகர்த்த வெறும் 15 செ.மீ. ஆழ நீரோட்டம் போதுமாக இருந்தது. நீரின் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர், அதாவது மனிதர் மெதுவாக நடக்கும் வேகம். 60 செ.மீ. ஆழத்தில் கார் முழுவதுமாக மிதந்துவிட்டது. இரண்டரை டன் எடையுள்ள நிசான் பேட்ரோல் கூட 45 செ.மீ. ஓட்டத்தில் நிலைகுலைந்தது. பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் இந்தக் கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஓடும் நீரின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

நம் ஊரில் இதைவிட மோசமான கண்ணி ரயில்வே சுரங்கப்பாதைதான். நீர்ப்பரப்பு மட்டமாகத் தெரியும். அதற்குக் கீழே சாலை இறங்கிக்கொண்டே போகும். கொஞ்ச தூரத்திலேயே கணுக்கால் ஆழம் கழுத்தளவாகிவிடும். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் சுரங்கப்பாதையில் ஒரு பெண் மருத்துவர் காருக்குள்ளேயே மூழ்கி இறந்தார். கதவின் கீழ்விளிம்பிலிருந்து 60 செ.மீ. உயரத்துக்கு வெளியே தண்ணீர் நின்றால், ஒரு மீட்டர் அகலக் கதவை அது சுமார் 180 கிலோ விசையோடு அழுத்துகிறது. அதை எதிர்த்துத் தள்ளித் திறப்பது மிகக் கடினம். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். கதவோடு போராடாதீர்கள், சீட் பெல்ட்டைக் கழற்றி, ஜன்னலை இறக்கி, உடனே வெளியேறுங்கள் என்பதுதான் அவர் சொல்வது. கையில் இருப்பது ஒரு நிமிட அவகாசம். பவர் விண்டோக்கள் தொடக்கத்தில் வேலை செய்யும். பிறகு செய்யாமல் போகலாம். செல்போனில் யாரையாவது அழைப்பதில் அந்த நிமிடத்தைச் செலவழித்துவிடக் கூடாது.

இனி, உயிருக்கு ஆபத்தில்லாத, முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நிற்கும் தெருவுக்கு வருவோம். பெரும்பாலான வண்டிகள் பாழாவது இங்கேதான். சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏறிவிடும் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்வரை புகை தள்ளிக்கொண்டே வருவதால் அந்த வழியில் தண்ணீர் எளிதில் ஏறாது. பயப்பட வேண்டிய வாய் முன்பக்கம் இருக்கிறது. 1200 சிசி என்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் நொடிக்கு 20 லிட்டர் காற்றை இழுக்கும். அந்தக் காற்று நுழையும் குழாயின் வாய் பல கார்களில் கிரில்லுக்குப் பின்னால், ஹெட்லைட் உயரத்தையொட்டி இருக்கிறது. அந்த வாயைத் தண்ணீர் தொட்டுவிட்டால் காற்றோடு அதுவும் உள்ளே போகும்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. நான்கு சிலிண்டர் உள்ள 1200 சிசி என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் 300 சிசி. பிஸ்டன் மேலேறும்போது உள்ளே இருக்கும் காற்றைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. பிஸ்டன் உச்சிக்குப் போனபின் அதன் தலைக்கு மேல் மிஞ்சும் இடம் வெறும் 33 மில்லி. இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்று அதிகம், அவ்வளவே. டீசல் என்ஜினில் காற்றை இன்னும் அதிகமாகச் சுருக்குவதால் மிஞ்சும் இடம் இன்னும் குறைவு. 1500 சிசி டீசல் என்றால் ஏறத்தாழ 25 மில்லி. காற்று சுருங்கும், அதனால் பிஸ்டன் சுலபமாக மேலே வரும். தண்ணீர் சுருங்காது. அதன் கன அளவை ஒரே ஒரு சதவீதம் குறைக்க 200 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல் வேண்டும். மிஞ்சும் இடத்தைவிட அதிகமான தண்ணீர் சிலிண்டருக்குள் இருந்தால் பிஸ்டனால் உச்சிக்குப் போகவே முடியாது. ஆனால் ஓடுகிற வண்டியின் வேகமும், ஃப்ளைவீலின் சுழற்சியும், மற்ற சிலிண்டர்களின் வெடிப்பும் அதைப் போகச் சொல்லித் தள்ளுகின்றன. 3000 சுற்றில் பிஸ்டன் கீழிருந்து மேலே வர ஆகும் நேரம் நொடியில் நூறில் ஒரு பங்கு. தண்ணீர் விட்டுக்கொடுக்காது. பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட்தான் வளைகிறது. சில சமயம் முறிந்து, என்ஜின் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது.

மெதுவாகப் போனவருக்கு என்ஜின் திணறி நின்றுவிடும். ராட் தப்பிக்க வாய்ப்பு உண்டு. அடுத்து அவர் செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது. நடுத்தெருவில் வண்டி நின்றுவிட்டது, பின்னால் ஹாரன் சத்தம், மழை வேறு. கை தானாகச் சாவிக்குப் போகும். “செல்ஃப் மட்டும் அடிக்காதீங்க சார், தள்ளிட்டு வாங்க” என்று மெக்கானிக்குகள் போனில் கெஞ்சுவது இந்தக் கையைத் தடுக்கத்தான். ஸ்டார்ட்டர் மோட்டார் பிஸ்டனைத் தண்ணீர்மேல் அழுத்துகிறது. மற்ற சிலிண்டர்கள் ஒரு நொடி பற்றிக்கொண்டாலும் போதும், அதுவரை நேராக இருந்த ராட் வளைந்துவிடும். வெள்ளம் கெடுக்காமல் விட்ட என்ஜினை வண்டிக்காரரே கெடுத்துவிடுகிறார்.

நிறுத்தி வைத்த வண்டிக்கும் இது பொருந்தும். ஓடாமல் நின்ற என்ஜினிலும் ஏதாவது ஒரு சிலிண்டரின் இன்டேக் வால்வு அநேகமாகத் திறந்த நிலையில்தான் இருக்கும். பானெட் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஏறியிருந்தால் அந்த வழியாக அது உள்ளே இறங்கிக் காத்திருக்கும். வெள்ளம் வடிந்த மறுநாள் காலை ‘ஓடுதா பார்ப்போம்’ என்று ஸ்டார்ட் செய்வது அதனால்தான் ஆபத்து.

நல்ல மெக்கானிக் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுவார். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறப்பார். ஃபில்டர் காய்ந்து, பெட்டி அடியில் மண் இல்லாமல் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அடுத்து டிப் ஸ்டிக்கை உருவிப் பார்ப்பார். ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தாலோ, அளவு முன்பைவிட ஏறியிருந்தாலோ தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். அந்த ஆயிலோடு என்ஜினை ஓட்டினால் பேரிங்குகள் போய்விடும். பிறகு நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியில் ஸ்பேனரை மாட்டிக் கையால் மெல்லச் சுற்றுவார். பிளக் துளை வழியே தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியேறும். உள்ளே மழைநீரும் சாக்கடை மண்ணும் கலந்து கறுத்துப் போயிருக்கும் அந்த நீரைக் கண்ணால் பார்த்தவர், தண்ணீரில் நின்ற வண்டியை அப்புறம் ஒருநாளும் ஸ்டார்ட் செய்யத் துணியமாட்டார். நீர் முழுக்க வெளியேறி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் அளந்த பிறகே என்ஜின் ஓட வேண்டும். ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைந்தால் ராட் லேசாக வளைந்து பிஸ்டன் முன்போல் உச்சிக்கு வரவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். அப்படிப்பட்ட என்ஜின் சில மாதம் ஓடிவிட்டு, நெடுஞ்சாலையில் முறியும்.

கியர்பாக்ஸிலும் ஒரு விநோதம் உண்டு. ஓடிச் சூடான கியர்பாக்ஸ் திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி வெற்றிடம் உண்டாகிறது. அது மூச்சுத் துளை வழியாகவும் பழைய ஆயில் சீல் வழியாகவும் வெளியே இருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கியர் ஆயிலையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பலரும் இதைக் கேட்பதில்லை.

எல்லாவற்றையும்விடப் பொறுமையாகக் கெடுப்பது மின்சாரம். 12 வோல்ட் நம்மை ஒன்றும் செய்யாது. ஆனால் வெள்ளநீரில் உப்பும் கழிவும் கலந்திருப்பதால் மின்சாரம் பாய்கிறது. பாயும் இடத்தில் பாசிட்டிவ் முனையின் உலோகம் கரைகிறது. சாவியை எடுத்த பிறகும் பேட்டரியோடு நேரடித் தொடர்பில் பல ஒயர்கள் இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத செம்பு பின்கள் சில நாளில் களிம்பேறிப் பச்சையாகிவிடும். பேட்டரி இணைப்பை முதலில் துண்டிப்பது இதற்காகத்தான். ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி பெரும்பாலும் இரண்டு முன்சீட்டுகளுக்கு நடுவே, தரையோடு தரையாக இருக்கிறது. மேலே கார்பெட் காய்ந்துவிடும். அதன் அடியில் இருக்கும் தடித்த பஞ்சு வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கதவைத் திறந்து வெயிலில் வைத்தால் போதாது, சீட்டைக் கழற்றி கார்பெட்டைப் புரட்டிக் காயவைக்க வேண்டும்.

மின்சார கார்களின் பேட்டரி பெட்டிகள் பெரும்பாலும் ஐபி67 தரத்தில் வருகின்றன. ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதே அந்தத் தரத்தின் பொருள். இரவு முழுக்க மூழ்கிக் கிடப்பதற்கோ, கடல்நீருக்கோ அது உத்தரவாதமல்ல. 2022இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இயன் சூறாவளியின்போது உப்புநீரில் மூழ்கிய மின்சார கார்கள் சில, வெள்ளம் வடிந்த பிறகு தீப்பிடித்தன. மூழ்கிய மின்சார வண்டியை சார்ஜில் போடாமல், வீட்டை விட்டுத் தள்ளி நிறுத்தி, நிறுவனத்தாரை வரவழைப்பதே சரி.

வேறு வழியே இல்லாமல் தேங்கிய நீரைக் கடக்க வேண்டியிருந்தால் முதல் கியரில், நடை வேகத்தில், நிற்காமல் போக வேண்டும். அந்த வேகத்தில் வண்டியின் முன்னால் ஒரு சிற்றலை எழும். அதன் பின்னால் நீர்மட்டம் சற்றுத் தாழும். என்ஜின் அந்தத் தாழ்வில் பயணிக்கும். வேகம் கூடினால் அலை பானெட்மேல் ஏறிவிடும். எதிரே பேருந்து வந்தால் அது கடந்து, அலை அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஏசியை அணைத்துவிட்டால் ரேடியேட்டர் ஃபேன் தண்ணீரை அடிப்பதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். கரையேறியதும் பிரேக்கை இரண்டு மூன்று முறை மெதுவாக மிதித்துக் காயவிடுங்கள். ஈர பிரேக் முதல் மிதியில் பிடிக்காமல் போகலாம்.

காப்பீடு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். முழுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பொருந்தும். ஆனால் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் என்ஜின் உடைந்தது என்று தெரிந்தால் அந்தச் செலவைத் தர நிறுவனங்கள் பொதுவாக மறுக்கின்றன. அதற்கென்றே ‘என்ஜின் புரொடெக்ட்’ என்ற தனி இணைப்பு விற்கிறது. தாழ்வான பகுதியில் குடியிருப்பவர் அதை எடுத்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து முன்பக்கம் போகும் குழாயை விரலால் தொடர்ந்து போய் அதன் வாயைக் கண்டுபிடியுங்கள். தரையிலிருந்து அது எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அந்த உயரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கும் தெருவில் வண்டியை இறக்காதீர்கள்.