கங்காருக்கள், வாலபிகளின் காப்பு நிலையும் வணிகச் சட்டங்களும்

கங்காருக்களும் வாலபிகளும் ஆஸ்திரேலியா, நியூகினி ஆகிய நிலப்பகுதிகளுக்கு உரிய, மாக்ரோபோடிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்த பைம்மாக்கள் (வயிற்றுப் பையில் குட்டியை வளர்க்கும் பாலூட்டிகள்) ஆகும். பெரிய உடலுடையவை கங்காரு என்றும் சிறியவை வாலபி என்றும் அழைக்கப்படுகின்றன. இது உருவ அளவைக் கொண்ட வழக்கேயன்றி முறையான உயிரியல் வகைப்பாடன்று.

கங்காரு அழிந்துவரும் விலங்கா என்ற கேள்விக்கு ஒரே விடை கூற இயலாது. இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் பெருமளவில் சுடப்படும் இனங்கள் எண்ணிக்கையில் மிகுந்துள்ளன. இன்று எவரும் விற்காத, வாங்காத சிறிய இனங்களே அழிவின் விளிம்பில் உள்ளன. வணிகச் சட்டங்களால் எதைக் காக்க முடியும், எதைக் காக்க முடியாது என்பது இந்த முரணிலிருந்தே விளங்கும்.

காப்பு நிலை

சிவப்புக் கங்காரு, கிழக்குச் சாம்பல் கங்காரு, மேற்குச் சாம்பல் கங்காரு, வாலரூ ஆகிய நான்கையும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 'தீவாய்ப்பு கவலை குறைந்த இனம்' என்று வகைப்படுத்தியுள்ளது. வணிக வேட்டை நடைபெறும் பகுதிகளில் இவற்றின் மொத்த எண்ணிக்கை, மழைக்கும் வறட்சிக்கும் ஏற்ப, ஏறத்தாழ 2.5 கோடிக்கும் 5 கோடிக்கும் இடையில் ஏறி இறங்குகிறது. குடியேறிகள் ஆடு மாடுகளுக்காக வெட்டிய குளங்களும் உருவாக்கிய புல்வெளிகளும் பெரிய கங்காருக்களுக்குச் சாதகமாக அமைந்தன.

சிறிய இனங்களுக்கு நேர்ந்தது வேறு. ஐரோப்பியர் கொண்டுவந்த நரியும் பூனையும் அவற்றை வேட்டையாடின. முயலும் செம்மறியாடும் அவற்றின் உணவையும் மறைவிடத்தையும் பறித்தன. பழங்குடியினர் முறையாகச் சிறுசிறு தீ மூட்டிப் பேணிவந்த நிலம் கைவிடப்பட்டதால் பெருந்தீக்கள் பரவின. பிறைநகவால் வாலபி, கிழக்கு முயல் வாலபி முதலியவை முற்றாக அற்றுவிட்டன. தூலாச் வாலபி மட்டும் சற்று விதிவிலக்கானது. அதன் வாழிடம் அழிக்கப்பட்டதோடு, அழகிய தோலுக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் அது வேட்டையாடப்பட்டது. அதன் கடைசி விலங்கு 1939-இல் கூண்டில் இறந்தது.

'மாலா' எனப்படும் செம்முயல் வாலபி ஒரு காலத்தில் நடு ஆஸ்திரேலியப் பாலைநிலம் முழுவதும் வாழ்ந்தது. பெருநிலத்தில் எஞ்சியிருந்த இரு சிறு கூட்டங்களும் தனாமி பாலைவனத்தில் இருந்தன. 1987-இல் ஒரு கூட்டத்தை நரி அழித்தது. 1991-இல் மற்றதைக் காட்டுத்தீ அழித்தது. இன்று மாலா கடல்தீவுகளிலும் நரி, பூனை புகாத வேலியிட்ட காப்பிடங்களிலுமே வாழ்கிறது.

கடிவாள நகவால் வாலபியின் வரலாறு சற்று ஆறுதலானது. 1930-களுக்குப் பின் எவர் கண்ணிலும் படாததால் அது அற்றுவிட்டதாகவே கருதப்பட்டது. 1973-இல் குயின்சுலாந்து மாநிலத்தின் டிங்கோ என்ற ஊருக்கு அருகில் வேலி அமைக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர், இதழ் ஒன்றில் வந்த படத்தைக் கண்டு, அவ்விலங்கு இங்கே உள்ளதே என்று தெரிவித்தார். அந்நிலம் பின்னர் அரசால் வாங்கப்பட்டு டாண்டன் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது.

பன்னாட்டு உடன்பாடு

அழியும் நிலையிலுள்ள காட்டு விலங்குகள், தாவரங்களின் பன்னாட்டு வணிகம் குறித்த உடன்பாடு (சைட்டீஸ்) 1975-இல் நடைமுறைக்கு வந்தது. இதன் முதல் பின்னிணைப்பில் உள்ள இனங்களை நாடுவிட்டு நாடு வணிக நோக்கில் கொண்டுசெல்ல இயலாது. மாலா, வரிமுயல் வாலபி, கடிவாள நகவால் வாலபி ஆகியவை இதில் உள்ளன. இரண்டாம் பின்னிணைப்பில் இரண்டு மரக் கங்காரு இனங்கள் உள்ளன. அவற்றை ஏற்றுமதி நாட்டின் அனுமதிச் சீட்டுடன் விற்கலாம்.

இப்பட்டியல் அழிவு அபாயத்தின் பட்டியல் அன்று என்பது கவனிக்கத்தக்கது. பப்புவா நியூகினியின் 'தெங்கிலே' மரக் கங்காரு மிக அருகிய இனமாக இருந்தும் இதில் இல்லை. அதை அச்சுறுத்துவது ஏற்றுமதியைவிட உள்ளூர் வேட்டையும் காடழிப்புமே.

ஆஸ்திரேலியச் சட்டம்

ஏற்றுமதியை 1999-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு மற்றும் உயிர்ப்பல்வகைமைக் காப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. நாட்டுப் பாலூட்டிகளை உயிருடன் வணிகத்துக்காக அனுப்புவது தடை செய்யப்பட்டுள்ளது. விலங்குக் காட்சிச்சாலைகளுக்கு இடையிலான, வணிகமல்லாத பரிமாற்றத்துக்கு மட்டும் அனுமதி பெறலாம். அனுமதியின்றி அனுப்புவோருக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு.

இறைச்சியையும் தோலையும் பொறுத்தவரை, நடுவண் அரசு ஏற்ற மேலாண்மைத் திட்டம் உள்ள மாநிலங்களிலிருந்து மட்டுமே அவை ஏற்றுமதியாகலாம். பரந்த உள்நாட்டுப் பகுதிகளில் வானூர்தியில் குறித்த தடங்களில் பறந்து கங்காருக்களை எண்ணி, மதிப்பிட்ட தொகையில் பெரும்பாலும் 15 முதல் 20 விழுக்காடு வரை ஆண்டு ஒதுக்கீடாக அறிவிக்கின்றனர். உண்மையில் சுடப்படுவது இவ்வொதுக்கீட்டைவிட வெகு குறைவு. உரிமம் பெற்றவர்கள் இரவில் விளக்கொளியில், தலையில் குறிவைத்துச் சுட வேண்டும். ஒவ்வோர் உடலிலும் எண்ணிட்ட முத்திரைப் பட்டை பூட்டப்படுகிறது. தாய் சுடப்பட்டால் பையிலுள்ள குட்டியையும் கொன்றுவிட வேண்டும் என்று நடத்தை நெறி கூறுகிறது. விலங்குநல அமைப்புகளின் கடுமையான எதிர்ப்புக்கு முதன்மைக் காரணம் இதுவே. இன அழிவு பற்றிய அச்சத்திலிருந்து இதைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

பயிர்ச்சேதத்தைத் தடுக்க உழவர்களுக்குத் தனி அனுமதி வழங்கப்படுகிறது. இவ்வாறு சுடப்படுபவை ஏற்றுமதிச் சட்டத்தின் பார்வைக்கு வருவதில்லை.

இறக்குமதி நாடுகள்

அமெரிக்க நடுவண் அரசு 1974-இல் சிவப்பு, சாம்பல் கங்காருக்கள் மூன்றையும் அச்சுறுத்தப்பட்ட இனங்களாக அறிவித்து இறக்குமதியைத் தடுத்தது. 1981-இல் அத்தடை நீங்கியது. 1995-இல் அவை பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டன. ஆனால் கலிபோர்னியா மாநிலம் தனது சொந்தத் தடையை விடவில்லை. கங்காருத் தோலாலான காலணிகளை அடிடாஸ் நிறுவனம் விற்றது தொடர்பான வழக்கில், மாநிலத் தடை செல்லும் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2007-இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் சட்டமன்றம் தடையைத் தற்காலிகமாக விலக்கியது. அவ்விலக்கு முடிவுற்று 2016 சனவரி முதல் தடை மீண்டும் நடைமுறையில் உள்ளது. மெல்லியதும் உறுதியானதுமான இத்தோல் காற்பந்துக் காலணிகளுக்குப் பெயர்பெற்றது. நைக்கி, பூமா நிறுவனங்கள் 2023-இல் இதனைக் கைவிடுவதாக அறிவித்தன.

இந்தியா

2022-இல் மேற்கு வங்கத்தின் வடபகுதியில், கடத்தி வரப்பட்டதாகக் கருதப்படும் கங்காருக்கள் சாலையோரங்களில் மீட்கப்பட்டன. அதே ஆண்டில் திருத்தப்பட்ட இந்திய வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், சைட்டீஸ் இனங்களுக்கென நான்காம் அட்டவணையைச் சேர்த்தது. இத்திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் சிவப்புக் கங்காருவும் சாம்பல் கங்காருக்களும் சைட்டீஸ் பின்னிணைப்புகளில் இல்லாததால் இவ்வட்டவணை அவற்றைத் தொடுவதில்லை. அவற்றை நாட்டுக்குள் கொண்டுவருவதைத் தடுக்கச் சுங்க, இறக்குமதி விதிகளையே நம்ப வேண்டியுள்ளது.