கடலாமைச் சுற்றுலா: கரையின் சாவி யாரிடம்?

கரீபியன் தீவான டிரினிடாட்டின் கிழக்குக் கரையில் உள்ள மட்டூரா கிராமத்தில், ஆண்டுதோறும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தோல்முதுகு ஆமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. உலகின் மிகப்பெரிய கடலாமையினம் இது. முன்பு இறைச்சிக்காக இவை வெட்டப்பட்ட அதே மணலில், இன்று இவற்றைக் காணப் பயணிகள் கட்டணம் செலுத்திக் காத்திருக்கின்றனர்.

1990ஆம் ஆண்டு இக்கடற்கரை, முட்டையிடும் பருவத்தில் அனுமதியின்றி நுழையக்கூடாத பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஆனால் இரவு முழுவதும் காவல் புரிய அரசால் மட்டும் இயலாது. வனத்துறை உள்ளூர்வாசிகளுக்கு வழிகாட்டிகளாகப் பயிற்சி அளித்தது. அவர்கள் அமைத்ததே 'நேச்சர் சீக்கர்ஸ்' என்ற அமைப்பு.

இதன் பொருளாதாரம் எளிமையானது. கொல்லப்பட்ட ஆமையை ஒருமுறைதான் விற்கலாம். உயிருள்ள ஆமையோ ஒரே பருவத்தில் பலமுறை கரைக்கு வருகிறது. குழி தோண்டும் வேளையில் ஆமை எளிதில் மிரண்டு கடலுக்குத் திரும்பிவிடும் என்பதால், முட்டையிடத் தொடங்கிய பின்னரே வழிகாட்டிகள் பயணிகளை அருகில் அழைக்கின்றனர்.

இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் என்னவாகும் என்பதை கோஸ்டாரிகாவின் ஒஸ்டியோனல் கடற்கரை உணர்த்தியது. 2015 செப்டம்பரில் அங்கு திரண்ட பெருங்கூட்டத்தால், முட்டையிட வந்த ஆமைகள் பல கடலுக்கே திரும்பின.

எனினும் மட்டூராவின் வழிமுறைக்கும் வரம்புகள் உண்டு. டிரினிடாட்டில் கடலாமை வேட்டை முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 2011இல்தான். கரையில் காப்பாற்றப்படும் ஆமைகள், கரைக்கு அப்பால் மீனவர்களின் செவுள் வலைகளில் சிக்கி மடிகின்றன. வலை கிழிந்தால் இழப்பு மீனவருக்கு. சுற்றுலா வருவாயோ பெரும்பாலும் வழிகாட்டிகளுக்கும் விடுதிகளுக்கும். இந்த இடைவெளி நீடிக்கும்வரை பாதுகாப்பு பாதியளவிலேயே நிற்கும்.

மேலும், கொரோனா பெருந்தொற்றின்போது 2020 மார்ச் முதல் 2021 ஜூலை வரை நாட்டின் எல்லைகள் மூடப்பட்டிருந்தன. வெளிநாட்டுப் பயணிகள் வரவில்லை, ஆமைகள் வந்தன. பயணியின் பணத்தை மட்டுமே நம்பிய காவல் எவ்வளவு நிலையற்றது என்பதை அந்த இரு பருவங்கள் காட்டின.

ஆக, ஆமைகளைக் காப்பது சுற்றுலா அல்ல. எத்தனை பேர், எப்போது, எவ்வளவு நெருங்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை கிராமத்தின் கையில் இருப்பதே அவற்றைக் காக்கிறது. அந்த உரிமையிலும் வருவாயிலும் மீனவர்களுக்கும் பங்கு கிடைக்குமா என்பதே இனி எஞ்சியுள்ள கேள்வி.