கையேடு இல்லாத ஏசி

திரையில் ஒரு ஏசி. அதில் மேலே, நடுவே, கீழே என்று மூன்று கட்டுப்பாடுகள். எது எதற்கென்று எழுதியிருக்காது. பக்கத்தில் அறையின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் காட்டும் இரண்டு வரைபடங்கள். புதிதாக வந்த ஏசிக்குக் கையேடு இல்லை. எந்தக் கட்டுப்பாடு எதை மாற்றுகிறது என்று இயக்கிப் பார்த்து அம்புக்குறி வரைந்து காட்ட வேண்டும். அடுத்து, நான்கே முயற்சிகளில் அறையைக் கேட்ட நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

பல நாட்டு மாணவர்களைச் சோதிக்க ஓஇசிடி அமைப்பு நடத்தும் பிசா தேர்வில், 2012ஆம் ஆண்டு சிக்கல் தீர்க்கும் திறனைச் சோதிக்கக் கொடுத்த கேள்விகளில் இது ஒன்று. 44 நாடுகளையும் பகுதிகளையும் சேர்ந்த, 15 வயதுடைய சுமார் 85,000 மாணவர்கள் அந்தத் திறன் தேர்வைக் கணினியில் எழுதினார்கள்.

இந்தக் கேள்வியைத் தாளில் அச்சிட முடியாது. தாளில் வரும் கணக்கில் வேண்டிய விவரம் எல்லாம் முதலிலேயே தரப்பட்டிருக்கும். இதிலோ கைவைத்துப் பார்த்தால்தான் விவரமே கிடைக்கும். அதே தேர்வில் ரயில் டிக்கெட் இயந்திரம் ஒன்றும் வந்தது. மாணவர் சலுகைக் கட்டணத்தில் சுரங்க ரயில் டிக்கெட் எடுக்கச் சொல்வார்கள். பொத்தான்களை அழுத்திப் போனால், அந்த வகை டிக்கெட் இல்லை என்று இயந்திரம் கைவிரிக்கும். அங்கேயே நின்றுவிடாமல், திரும்பி வந்து முழுக் கட்டண டிக்கெட்டை எடுக்கும் பிள்ளைதான் கேள்வியை முடிக்கிறது. போட்ட திட்டம் பலிக்காதபோது என்ன செய்வாய் என்பதை எந்த வினாத்தாளும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

இன்னொரு வசதிதான் எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது. பிள்ளை எதை முதலில் தொட்டது, எவ்வளவு நேரம் யோசித்தது, எங்கே திரும்பி வந்தது என்று ஒவ்வொரு கிளிக்கையும் கணினி பதிந்துவைக்கிறது. சாமுவேல் கிரைஃப் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஏசி கேள்விக்கான பதிவுகளை எடுத்து, 16,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் கைப்போக்கை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். ஒரு நேரத்தில் ஒரு கட்டுப்பாட்டை மட்டும் நகர்த்தி, மற்ற இரண்டையும் அசைக்காமல் வைத்து, என்ன மாறுகிறது என்று பார்த்தவர்கள் இந்தக் கேள்வியில் மட்டுமல்ல, மொத்தத் தேர்விலுமே நன்றாகச் செய்திருந்தார்கள். மூன்றையும் ஒன்றாக நகர்த்தினால் எதனால் எது மாறியது என்று எப்படித் தெரியும்? ஆய்வகத்தில் விஞ்ஞானி கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது. அது பிள்ளையிடம் இருக்கிறதா என்பதை விடைத்தாள் சொல்லாது. கிளிக்குகளின் வரிசை சொல்லிவிடும்.

இந்த யோசனைக்கு ஒரு மூத்த கதை உண்டு. ஜெர்மானிய உளவியலாளர் டீட்ரிஷ் டோர்னர் தன் குழுவோடு லோஹாவுசன் என்ற கற்பனைச் சிற்றூரைக் கணினிக்குள் உருவாக்கினார். மக்கள்தொகை 3,700 அளவில். பிழைப்புக்கு நகராட்சிக்குச் சொந்தமான ஒரு கைக்கடிகாரத் தொழிற்சாலை. ஆய்வில் கலந்துகொண்ட 48 பேரும் ஆளுக்குப் பத்தாண்டு அந்த ஊருக்கு மேயராக இருந்து பார்த்தார்கள். சிலர் ஊரைச் செழிக்க வைத்தார்கள், சிலர் கவிழ்த்துவிட்டார்கள். இரு சாராரையும் பிரித்தது அறிவுத்திறன் தேர்வில் அவர்கள் வாங்கிய மதிப்பெண் அல்ல. நன்றாக ஆண்டவர்கள் ‘ஏன்’ என்று அதிகம் கேட்டார்கள், தங்கள் ஊகத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். தோற்றவர்கள் ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினார்கள். 1983இல் இது புத்தகமாக வந்தது.

ஆனால் ஒரே ஒரு பெரிய சிக்கலை வைத்து ஒருவரை எடைபோடுவது நியாயமில்லை. தொடக்கத்தில் செய்த ஒரு தவறு கடைசிவரை இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் பின்னால் வந்தவர்கள், ஒன்றையொன்று சாராத சிறு சிறு சிக்கல்களை அடுத்தடுத்துக் கொடுத்தார்கள். பிசாவின் ஏசி அந்த வகையைச் சேர்ந்தது.

முடிவுகளும் யோசிக்க வைத்தன. சிங்கப்பூர் 562 புள்ளிகளோடு முதலிடம். அதன் பின்னாலேயே 561 எடுத்த தென்கொரியா. கணிதத்தில் 613 எடுத்து உலகிலேயே முதலாவதாக நின்ற ஷாங்காய், சிக்கல் தீர்ப்பதில் 536தான் எடுத்தது. அதுவும் சராசரிக்கு மேல்தான். ஆனால் கணிதத்தில் அவ்வளவு உயரத்தில் இருப்பவர்களிடம் எதிர்பார்த்தது இதைவிட அதிகம். பாடத்தில் தேர்ச்சி பெற்றால் மற்றது தானாக வந்துவிடும் என்று நம்பும் பெற்றோர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இதிலும் கவனம் வேண்டும். நெடுநேரம் கிளிக் இல்லை என்றால் பிள்ளை ஆழ்ந்து யோசித்திருக்கலாம், சோர்ந்து போயிருக்கலாம், கணினி மெதுவாக ஓடியிருக்கலாம். பதிவைப் பார்த்து மட்டும் எது என்று சொல்ல முடியாது. மவுஸ் பிடித்துப் பழகாத விரலின் தடுமாற்றத்தை மூளையின் தடுமாற்றமாகக் கணக்கில் எழுதிவிடும் ஆபத்தும் உண்டு. ஒரு குழந்தையின் தயக்கங்களைக்கூட விடாமல் பதியும் இந்தக் கோப்புகள் யார் கையில், எத்தனை ஆண்டுகள் இருக்கும் என்ற கேள்வியை முதலிலேயே கேட்டாக வேண்டும். பின்னால் வேலைக்கு எடுக்கும் நிறுவனத்தின் மேஜைக்கு அது போய்ச் சேரக் கூடாது.

நமக்கும் பிசாவுக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. 2009 சுற்றின் நீட்சியாக நடந்த தேர்வைத் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் தாளில் எழுதின. பட்டியலின் அடிமட்டத்தில்தான் இடம் கிடைத்தது. கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி இந்தியா 2012 சுற்றிலிருந்து விலகிக்கொண்டது. அந்தக் குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு மருந்து விலகுவதல்ல, நம் கேள்விகளை நாமே எழுதுவது.

இதற்கிடையில் நம் ஊரிலும் கணினிவழித் தேர்வு பெருகிவிட்டது. ஜேஇஇ மெயின் 2019 முதல் நாடு முழுக்கக் கணினியில் நடக்கிறது. 2021 முதல் தமிழிலும் எழுதலாம். ஆனாலும் திரையில் வருவது கொள்குறி வினாவும் எண்ணை நிரப்பும் வினாவும்தான். அச்சுச் செலவு குறைந்தது, திருத்தும் வேலை விரைந்தது. தாளில் கேட்க முடியாத ஒரு கேள்விகூட இன்னும் கேட்கப்படவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். இவ்வளவு பணம் போட்டுக் கருவியை வாங்கி, அதைத் தாளாகவே பயன்படுத்துகிறோம்.

நம் அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன. அவற்றில் ஓட்ட அந்த ஏசி கேள்வியே வேண்டும் என்பதில்லை. மூன்று வால்வுகளும் இரண்டு பாத்திகளும் உள்ள ஒரு சொட்டுநீர்ப் பாசனம் போதும். எந்த வால்வு எந்தப் பாத்திக்குத் தண்ணீர் விடுகிறது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை திறந்து மூடிக் கண்டுபிடிக்கட்டும். மதிப்பெண்ணும் ரேங்க்கும் அதற்கு வேண்டாம். அன்றைய கிளிக் பதிவை அந்த வகுப்பின் அறிவியல் ஆசிரியரிடம் மட்டும் கொடுத்தால் போதும். மறுநாள் அவர் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, “முதல் தடவையே மூணையும் ஏம்மா சேர்த்துத் திறந்த?” என்று கேட்கலாம். அந்தப் பிள்ளை சொல்லும் பதிலிலிருந்து அடுத்த பாடத்தைத் தொடங்கலாம்.