தலை இருக்கும் இடத்தில் குத்தாதீர்கள்

2012 டிசம்பர் 8, லாஸ் வேகஸில் ஒரு குத்துச்சண்டை. ஆறாவது சுற்று முடியப்போகிற நேரம். மேன்னி பாக்கியாவோ பாய்ந்து உள்ளே நுழைகிறார். ஹுவான் மானுவேல் மார்க்கேஸின் வலது கை நேராக நீள்கிறது. குப்புற விழுந்த பாக்கியாவோ அந்த ஆட்டத்தில் எழவே இல்லை. கை வேகம் என்று பார்த்தால் பாக்கியாவோதான் ஒரு படி மேல். அவரைச் சாய்த்தது மார்க்கேஸின் டைமிங்.

கண் பார்த்துக் கை அசையவே ஏறக்குறைய 0.2 விநாடி ஆகிவிடுகிறது. நல்ல ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் குத்து) அதற்குள் முகத்துக்கு வந்துவிடும். அதனால் தேர்ந்த குத்துச்சண்டைக்காரர் எதிராளியின் தலை நகர்ந்த பிறகு அடிப்பதில்லை. தோள் லேசாக இறங்குகிறதா, முன்கால் ஊன்றுகிறதா, இடுப்பு திரும்புகிறதா என்று பார்த்து, தலை வரப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே கையை அனுப்பிவிடுகிறார்.

முன்காலில் எடை விழுந்த கணத்தில் எவராலும் சட்டென்று பின்வாங்க முடியாது. குத்திய கையைத் தாழ்வாக இழுப்பவருக்கு முகத்தின் அந்தப் பக்கம் திறந்து கிடக்கும். பாய்ந்து வருபவர் என்றால் அவருடைய வேகமும் அடியோடு சேர்ந்துகொள்ளும். மார்க்கேஸுக்கு வாய்த்தது அதுதான். எதிராளி எந்தப் பக்கம் சாய்வார் என்று தெரியவில்லையா? பொய்க்குத்து ஒன்று காட்டினால் அவரே சொல்லிவிடுவார். அப்போதும் தலை சிக்காவிட்டால் விலாவைக் குறிவைக்கலாம். தலையை இடுப்பிலிருந்தே ஆட்டித் தப்பிக்கலாம்; விலாவை நகர்த்தக் காலை எடுத்து வைத்தாக வேண்டும்.

கனமான பஞ்சிங் பேக் பலம் தரும், டைமிங் தராது. கூரைக்கும் தரைக்கும் நடுவே ரப்பர் கயிற்றில் கட்டிய பந்து அதைவிட மேல்: அடித்ததும் துள்ளி நம் முகத்துக்கே திரும்பி வரும். பயிற்சியாளர் கையில் பிடிக்கும் பேடைக் குத்தும் பயிற்சியில்தான் ஏமாற்று நடக்கிறது. பட்பட்டென்று சத்தம், வீடியோவுக்கு அழகு. ஆனால் பல இடங்களில் பயிற்சியாளர்தான் பேடைக் கொண்டுவந்து கையுறையில் மோதுகிறார்! மாணவர் கற்பதெல்லாம் மனப்பாடம். பேட் பிடிப்பவர் நகர வேண்டும். சொல்லாமல் காட்டி, சொல்லாமல் மறைக்க வேண்டும். நடுநடுவே திருப்பியும் தட்ட வேண்டும்.

என்னைக் கேட்டால், பாதி வேகத்தில், பலமில்லாமல் செய்யும் ஸ்பாரிங்குக்கு (இன்னொருவரோடு போடும் பயிற்சிச் சண்டைக்கு) ஈடான பயிற்சி வேறில்லை. அடிக்குப் பயந்தால் கண் மூடிக்கொள்ளும். அப்புறம் தோளை எங்கே பார்ப்பது? தலைக்கவசம் இருக்கிறதே என்று முழு பலத்தில் மோதவும் வேண்டாம். மூளை அதிர்வை அது தடுத்துவிடாது. புதிதாகச் சேர்பவர்கள், மெதுவான ஸ்பாரிங் உண்டா என்று முதலிலேயே பயிற்சியாளரிடம் கேட்டுவிடுங்கள்.